ஆர்விலின் எழுபது

சவர்வுட் ஓடைப் பழந்துப்பாக்கிச் சங்கத்தில் யார் புதுத் துப்பாக்கி கொண்டுவந்தாலும், முதல் வேட்டுக்கு முன்னால் ஆர்வில் காடிலிடம் போய் நிற்க வேண்டும். குழலின் வாய்வழியாகக் கருமருந்தைக் கொட்டி, எண்ணெய்த் துணியில் வைத்த ஈயக் குண்டை அதன்மேல் கோலால் இடித்து இறக்கிச் சுடுகிற துப்பாக்கிகள் அவை. எத்தனை கிரெயின் எடை மருந்தில் ஆரம்பிப்பது என்று ஆர்வில் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் சுடுகிற கோட்டில் நிற்கலாம். அவரும் பிள்ளைக்குப் பேர் வைக்கிற மாதிரி யோசிப்பார். குழலை முகர்ந்து பார்ப்பார், குண்டை உள்ளங்கையில் உருட்டுவார், வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். அப்புறம் எழுதுவது என்னவோ ஒரே எண்தான். எழுபது.

அந்த எழுபது அவருடைய இடுப்பில் தொங்கிய மான்கொம்பிலிருந்து வந்தது. கொம்பு நுனியைக் குடைந்து செய்த குட்டி அளவை அது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சந்தையில், இன்றுவரை பேர் தெரியாத ஒரு தாடிக்காரன், “எழுபது பிடிக்கும்” என்று சொல்லி விற்றான். ஆர்விலும் நம்பினார். அந்தக் கொம்பால், மாட்டிறைச்சியைப் பரிசாக வைக்கிற மாட்டுப் போட்டியில் ஏழு தடவை பின்தொடை ஜெயித்தார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் வேதமாகிவிட்டது. சேருகிற ஒவ்வொருவருக்கும் அவரே ஒரு கொம்பைக் குடைந்து, தன் கொம்பால் அளந்து ஊற்றிச் சரிபார்த்துக் கொடுத்தார். சங்கத்தில் பத்தொன்பது பேர், பத்தொன்பது கொம்பு. கொட்டகைக் கதவில் பெரிய சிவப்பு எழுத்தில் “70” என்று எழுதியும் வைத்தார்கள். எழுபதுக்குக் கீழே சுடுகிறவன் ஆம்பிளை இல்லை என்பதைக் கதவில் எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எதற்கு எழுதுவது.

நடுவில் ஒரு தடவை லெக்சிங்டனிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்து சேர்ந்தார். கொம்பு வேண்டாம் என்று கடையில் வாங்கிய பித்தளை அளவையில் எழுபதை அளந்து சுட்டார். தோள் கன்றிப்போனது; குண்டுகள் குறிப்பலகையைச் சுற்றி ஊர்வலம் போயின. “உங்களுக்குத் தோள் பத்தாது டாக்டர்” என்று ஆர்விலே அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் அந்த மனிதர் காணாமல் போனார்.

மூன்று வாரத்துக்கு முன் ஆர்வில், குண்டுகளை நிறுத்துப் பார்க்கலாமே என்று பழைய மருந்துக்கடைத் தராசு ஒன்றை வாங்கி வந்தார். சும்மா இருந்த கை, கொம்பில் மருந்தை நிரப்பித் தட்டில் கொட்டியது. நாற்பத்தொன்று. தராசைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தார். நாற்பத்தொன்று. சமையல் மேடை சாய்ந்திருக்கிறது என்று தராசைக் கூடத்துக்குக் கொண்டுபோனார். அங்கேயும் நாற்பத்தொன்று. பதினோராவது தடவை தராசைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்.

“என்னய்யா ஆச்சு உனக்கு?” என்றாள் மனைவி ஓபல்.

சொன்னார். அவள் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

“நாப்பத்தொண்ணுலதான ஏழு தொடை ஜெயிச்சே? அதுல என்ன கேவலம்? போய்ச் சொல்லு.”

“உனக்குப் புரியாது ஓபல்.”

“எனக்குப் புரியாதுதான். பல் டாக்டருக்குப் புரியும், அவருகிட்ட சொல்லு.”

அவர் யாரிடமும் சொல்லவில்லை. தராசைக் காலி உரமூட்டைக்குள் சுருட்டிக் கொட்டிலில் ஒளித்து வைத்தார், தராசுதான் திருடின மாதிரி.

அக்டோபர் மாட்டுப் போட்டி வந்தது. பகல் பன்னிரண்டுக்குள் அட்டையில் கையெழுத்து வாங்கியவர்களுக்கே மத்தியானம் இடம். பத்து மணிக்கு டெல்ஃபியா ஸ்லோன் துப்பாக்கியோடு வந்து ஆர்வில் மேஜை முன் நின்றாள். பள்ளிக்கூடச் சமையல்காரி. குளிர்காலம் முழுக்க அடுப்படி மேஜையில் வைத்து, தானே கட்டை செதுக்கி, விசையைப் பொருத்தி, எண்ணெய் தேய்த்துச் செய்த துப்பாக்கி. வேலைப்பாட்டை ஆர்விலே இரண்டு தடவை தடவிப் பார்த்தார். குழல் மட்டும் கண்காட்சியில் வாங்கிய பழைய குழல். மெல்லிசு, செய்தவன் பேர் அதில் இல்லை. குண்டு கொண்டைக்கடலை அளவு.

“எவ்வளவு போடலாம்ணே? பேரில்லாத குழல். எவ்வளவு தாங்கும்னு எனக்குத் தெரியல. நீங்க சொல்றதத்தான் போடப்போறேன்.” பையிலிருந்து ஒரு பித்தளை அளவையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அடியில் ஒரு தண்டு. அதை இழுத்தாலும் தள்ளினாலும் எண் மாறும். “கொம்பெல்லாம் எனக்குச் சரிவராது. எண்ணூறு பிள்ளைங்களுக்குச் சமைக்கிறவ நான். உப்பக்கூட அளந்துதான் போடுவேன்.”

ஆர்வில் குழலைத் தட்டிப் பார்த்தார். அந்தத் துரும்புக் குழலில் உண்மையான எழுபதைக் கொட்டினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாமலும் போகலாம். வெடித்து அவள் இடது கையைக் கொண்டுபோகவும் போகலாம்.

“வயிறு ஒரு மாதிரி இருக்கும்மா. கொஞ்சம் கழிச்சு வாயேன்.”

“பன்னெண்டுக்கு மூடிடுவீங்களே?”

அவர் குழலை முகர்ந்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “முப்பது போடு” என்றார்.

பக்கத்தில் சோள ரொட்டி தின்றுகொண்டிருந்த பர்ல் மல்லின்ஸ் மெல்லுவதை நிறுத்தினார். ஆர்விலின் நாற்காலிமேல் ஒன்பது வருஷமாகக் கண் வைத்திருப்பவர் அவர். “என்னது, முப்பதா? கொசு அடிக்கப் போறாளா?”

“பொம்பளைப் புள்ளைப்பா. தோள் தாங்க வேணாமா?” வாயில் வந்த முதல் பொய்யை எடுத்து நீட்டினார் ஆர்வில்.

டெல்ஃபியாவின் முகம் மாறிப்போனது. “அம்பது பவுண்டு மாவு மூட்டைய தினம் நாலு தூக்குற தோளு இது. உங்களால ஒண்ணு தூக்க முடியுமாண்ணே?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆர்விலைப் பார்த்துச் சிரித்தது அந்தக் கொட்டகையில் அதுதான் முதல் தடவை.

“எல்லாருக்கும் என்ன எழுதுவீங்களோ அதை எனக்கும் எழுதுங்க. சலுகை கேட்டு நான் வரல.”

“எழுதுய்யா. கதவுலயே போட்டிருக்கில்ல,” என்றார் பர்ல்.

எழுதினார். வெட்கக்கேடுதான், ஆனால் நடந்தது அதுதான். அறுபத்தேழு வயது மனிதர், பேரன் பேத்தி எடுத்தவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், நாலு பேர் சிரித்துவிட்டார்கள் என்று “70” எழுதிக் கையெழுத்தும் போட்டார். எழுத்து மட்டும் கோணலாக விழுந்தது.

டெல்ஃபியா கோட்டுக்குப் போனாள். பித்தளைத் தண்டை எழுபதுக்கு இழுத்துத் திருகினாள். மருந்துக் குப்பியைச் சாய்த்தாள். மருந்து அளவைக்குள் விழுந்தது, விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் ஆர்வில் அவ்வளவு மருந்தை ஒரே வேட்டுக்குத் தன் கையால் அளந்ததே இல்லை. அவள் அளவையைக் குழலின் வாய்க்குக் கொண்டுபோனபோது அவருடைய கால்கள் அவரைக் கேட்காமலே எழுந்து நடந்தன.

“டெல்ஃபியா, கொட்டாத.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“அது தப்பு. நான் எழுதினது தப்பு. அந்த மருந்தத் திரும்ப ஊத்திட்டு அளவைய இப்படிக் குடு.”

சங்கம் முழுக்கக் கூடிவிட்டது. ஆர்வில் தன் கொம்பில் மருந்தை நிரப்பி, விரலால் தலைதட்டி, எழுபதில் நின்ற பித்தளை அளவைக்குள் கொட்டினார். பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. தண்டை மெல்ல மேலே தள்ளினார். மருந்து விளிம்புக்கு வந்த இடத்தில் அளவையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

“நாப்பத்தொண்ணு. என் கொம்பு நாப்பத்தொண்ணு. அதப் பாத்துச் செஞ்ச உங்க கொம்பும் நாப்பத்தொண்ணு. அந்தப் பல் டாக்டரத் தவிர இங்க எவனும் ஒருநாளும் எழுபது சுட்டதில்ல. மூணு வாரமா எனக்குத் தெரியும்.”

கைதட்டுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் மனசின் ஒரு மூலையில், ‘பரவால்ல ஆர்வில், உண்மையைச் சொன்னியே’ என்று ஒருத்தனாவது சொல்வான் என்று நினைத்திருந்தார்.

“பித்தளை கெட்டுப்போச்சு,” என்றார் பர்ல்.

“ஓடைக்காத்துல ஈரம் ஜாஸ்தி. மருந்து சுருங்கியிருக்கும்,” என்றார் இன்னொருவர்.

“கொம்பு கிரெயின் வேற, கடை கிரெயின் வேற,” என்றார் மூன்றாமவர். பலர் தலையாட்டினார்கள், அது அறிவாளித்தனமாகக் கேட்டது.

க்ளெல் ஹர்ட் என்கிற கிழவர்தான் உண்மையான வலியைச் சொன்னார். “என் மருமகன்கிட்ட பதினாலு வருஷமா எழுபது சுடுறேன்னு சொல்லி வச்சிருக்கேன் ஆர்வில். நீ உன் மானத்தை வித்துக்கோ, வேணாங்கல. என் மானத்தை எதுக்குய்யா சேர்த்து விக்கிற?”

உடனே அவசரக் கூட்டம் போட்டார்கள். சாலையை அடைத்த மரத்தை வெட்டவே நாலு கூட்டம் தேவைப்பட்ட சங்கம், அன்றைக்கு எட்டு நிமிஷத்தில் வேலையை முடித்தது. சங்கத்தின் கொம்புக்குள் பிடிப்பது எவ்வளவோ, அதுவே எழுபது என்று தீர்மானம் போட்டார்கள். சங்கத்தின் நல்ல பேரைக் கெடுத்த ஆர்வில் இனி அட்டை எழுதக் கூடாது. இருபத்திரண்டு வருஷம் தப்பாக எழுதியதற்குத் தண்டனை இல்லை, அதைச் சொன்னதற்குத்தான். அந்த இடத்துக்குப் பர்ல் நின்றார். “நான் வந்தா எழுபதோட நிக்கமாட்டேன், எண்பது” என்றார். அதே கொம்பில்தானா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஆர்விலைத் தவிர எல்லாக் கையும் உயர்ந்தது.

பர்ல் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் வேலையாக டெல்ஃபியாவின் அட்டையில் எழுபதை அடித்துவிட்டு எண்பது எழுதினார். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

அவள் அட்டையை வாங்கிக்கொண்டு நேராக ஆர்விலிடம் வந்தாள். “இப்ப நெசத்தைச் சொல்லுங்க. எதுல ஆரம்பிக்க?”

“முப்பதுல ஆரம்பி. மூணு குண்டு சுடு. தாளைப் பாரு. அப்புறம் அஞ்சு ஏத்தி மறுபடி மூணு. துளைங்க நெருங்கி வர்ற இடத்துல நிறுத்திடு. மேல ஏத்தச் சொல்லி எவன் சிரிச்சாலும் ஏத்தாத.” சொல்லும்போதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு துப்பாக்கிக்கு அவர் உண்மையில் யோசித்து மருந்து சொன்னது அதுதான் முதல் தடவை. “பொம்பளைத் தோள்னு சொன்னேன் பாரு, அதையும் மன்னிச்சிடும்மா.”

“அதை அப்புறம் பாத்துக்கலாம்,” என்று அவள் போய்விட்டாள்.

முப்பதில் மூன்று துளைகள் ஒரு சாண் அகலத்துக்கு விழுந்தன. முப்பத்தைந்தில் மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. மேலே ஒரு டாலர் காசை வைத்தால் மூடிவிடலாம். கூட்டம் வாயைப் பிளந்தது.

பர்ல் எழுந்து நின்று கையை விரித்தார். “பாத்தீங்களா? இதுதான்யா எண்பது.”

“முப்பத்தஞ்சு,” என்றாள் டெல்ஃபியா உரக்க. பித்தளை அளவையையும் தூக்கிக் காட்டினாள்.

கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. அடக்கமான பொம்பளை, நல்லா ஜோக்கடிக்கிறா என்றார்கள். ஒருவர் அவளுக்கு பீன்ஸ் குழம்பு எடுத்துவரப் போனார். அவள் ஆர்விலைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லியும் கேட்க ஆள் இல்லாதவளின் முகம் அது. மூன்று வாரமாகச் சவரக் கண்ணாடியில் அவர் பார்த்த முகமும் ஏறக்குறைய அதுதான்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. மத்தியானம் சுட ஆர்விலுக்கும் இனி பர்ல் தருகிற புது அட்டை வேண்டும். மேஜைக்கு முன்னால், இத்தனை வருஷம் மற்றவர்கள் நின்ற பக்கத்தில் போய் நின்றார். பர்ல் கெட்டவர் இல்லை. பேனாவை அவரிடமே நீட்டினார்.

“எண்பதுன்னு நீயே போட்டுக்கோ ஆர்வில். உன் கொம்பு, உன் மருந்து, நேத்து சுட்ட அதே வேட்டு. எண்ணு மட்டுந்தான் மாறுது. யாரு நிறுத்துப் பாக்கப் போறா?”

எட்டாவது தொடை. ஓபலின் பெரிய குளிர்பெட்டி காலியாகக் கிடந்தது. மேஜையில் கிடந்த அட்டை வெள்ளையாக இருந்தது. ஆர்வில் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குனிந்து “41” என்று எழுதினார். இந்தத் தடவை எழுத்து கோணவில்லை.

பர்ல் பெருமூச்சு விட்டார். “எழுபதுக்குக் கீழ சங்கத்துல இடம் இல்லியேப்பா. அடுத்த வருஷம் பொம்பளைங்களுக்குத் தனிப் போட்டி வச்சா அதுல சேத்துக்கிறோம்.”

மத்தியானம் டெல்ஃபியா பின்தொடையை ஜெயித்தாள். சங்கத்து நோட்டில் அவள் பேருக்கு நேரே எண்பது என்று எழுதி அடிக்கோடும் போட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஆர்வில் கோட்டுக்கு வெளியே, மற்றவர்களின் மனைவிமார் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து போட்டியைக் கடைசிவரை பார்த்தார். மனசு லேசாக இருந்ததா என்று கேட்டால், வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்.