நூறு பேருக்குக் குத்தியவள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. பொலிவியாவின் கொச்சபம்பா நகரில், கண்ணாடி கிழித்த என் உள்ளங்கைக்குத் தையல் போட்டுக்கொண்டே நொயெலியா சொன்னது. "இதுவரைக்கும் இருபத்தாறு பேருக்குத் தையல் போட்டிருக்கேன். நீங்க இருபத்தேழு," என்றாள் முதலில். யார் கேட்டார்கள் என்று நினைத்தேன். காரணம் பிறகுதான் வந்தது.

2

இது நடந்தபோது அவள் நான்காம் ஆண்டு மருத்துவ மாணவி. வெள்ளை அங்கி போட்டிருந்ததால் நோயாளிகள் அவளை

(இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். அங்கியின் மேல் பழி போடப் பார்க்கிறது.)

தோன் ஃபெர்மின் வெங்காய லாரி ஓட்டுபவர். கல்லீரல் கெட்டு, வயிறு நீர்கோத்துப் பானைபோல் இருந்தது. ஊசி குத்தி நீரை வடிக்க வேண்டும். பேராசிரியர் உர்கிதி ஊசியை அவளிடம் நீட்டினார்.

"டாக்டரம்மா, இதுக்கு முன்னாடி குத்தியிருக்கீங்களா?"

"நூறு பேருக்குக் குத்தியிருக்காங்கய்யா. பேசாமப் படுங்க," என்றார் உர்கிதி.

நொயெலியா தலையாட்டினாள். அதுவரை அவள் குத்தியது ரப்பர் பொம்மையை மட்டும்தான்.

3

ஏதோ விபரீதத்தை எதிர்பார்க்கிறீர்கள். முதல் வரைவில் நானும் குடலைத் துளைத்து ரத்தம் வரவழைத்தேன். பொய்க்குத் தண்டனை கொடுத்துவிட்டால் எழுதுகிறவனுக்குச் சுலபம். நடந்தது வேறு. ஊசி சரியாக இறங்கியது. ஐந்து லிட்டர். அன்று மாலை அவர் மூச்சு முட்டாமல் சூப் குடித்தார். வார்டு முழுக்க அவள் புகழ் பாடினார்.

பத்தே நாளில் வயிறு மறுபடி உப்பியது. குத்த வந்த மூத்த டாக்டரின் கையைத் தட்டிவிட்டார்.

"நூறு பேருக்குக் குத்தின அம்மா இருக்காங்கல்ல, அவங்களக் கூப்பிடுங்க."

4

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"தோன் ஃபெர்மின், அன்னைக்கு நீங்கதான் எனக்கு முதல் ஆளு. நான் இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கேன்."

அவர் அவளுடைய அங்கியைப் பார்த்தார்.

"அப்போ நீ டாக்டரே இல்லையா?"

(இங்கே 'நீங்க' போய்விட்டது. இதைச் சொல்லும்போது என் கையில் தையல் நின்றது.)

"இல்லை."

"உன் மூஞ்சியப் பாத்துத்தானே கேட்டேன்? முதல் தடவைன்னு சொல்லியிருந்தா, சரி, குத்திப் பழகிக்கோன்னு வயித்தக் காட்டியிருப்பேன். இந்த வார்டுல இன்னும் யாரெல்லாம் டாக்டர் இல்ல?"

அதன்பின் அவர் யாரையும் தொடவிடவில்லை. மதியத்துக்குள், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்த வயிற்றோடு வெளியேறினார்.

"இப்பத் திருப்தியா? உன் உண்மை அந்த ஆளை வெளிய அனுப்பிடுச்சு," என்றார் உர்கிதி.

"நம்ம பொய்தான் அனுப்புச்சு, டாக்டர்."

"பொய் அவரைப் படுக்க வெச்சுதே."

 

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் திரும்பி வந்து வயிற்றைக் காட்டுகிறார். மற்றதில் மகள் மட்டும் வருகிறாள், கறுப்பு உடையில். தையல் பிரிக்கப் போனபோது இரண்டையும் கொடுத்தேன். முதலாவதை நொயெலியா இரண்டு தடவை படித்தாள்.

"நல்லா இருக்கு. ஆனா யாரும் வரல. வெங்காய மண்டிக்குப் போய் நானும் கேட்டுப் பாத்தேன். லாரிய வேற யாரோ ஓட்டுறாங்க. அவங்களுக்குத் தெரியல."

தாள்களைத் திருப்பித் தந்தாள். இரண்டையும் நான் இங்கே சேர்க்கவில்லை. தோன் ஃபெர்மின் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது.