பின்சீட்டுக் கால்மிதி

காவல் நிலையத்தின் பின்புறத்தில் எங்கள் கார் புழுதி மூடிக் கிடந்தது. கண்ணாடியில் சாக்பீஸால் ஏதோ எண் எழுதியிருந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் கண்மண் தெரியாமல் பஸ்ஸை முந்தப்போய்ப் பிடிபட்டவர் என் கணவர். அபராதத்தை அவர் கட்டியாகிவிட்டது. ஆனால் கார் என் பெயரில் இருக்கிறது. நான் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே விடுவார்கள்.

"இன்னொரு தடவை மாட்டினா வண்டி திரும்பக் கிடைக்காது. யோசிச்சுப் போடுங்கம்மா," என்றார் அதிகாரி.

வண்டி போனால் போகட்டும். அதில் உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பக் கிடைப்பார்களா? காருக்குள் சாமான் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று நழுவினேன். கணவர் மேசையை விட்டு நகரவில்லை. இத்தனை நாள் பஸ்ஸில் இடிபட்டதே போதும், இனி நிதானமாக ஓட்டுவேன் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். நல்ல மனிதர்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் யாரோ துரத்துவதுபோல் பறப்பார்.

முன்சீட்டில் என் கால்மிதி வலது பக்கம் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து நான் போட்ட ஓட்டை. பயந்தாங்கொள்ளி என்று அவர் கேலி செய்வார். பின்னாலிருந்து மகள் கைதட்டி, இன்னும் வேகமாகப் போகச் சொல்வாள். அவரை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அவளுடைய தண்ணீர் பாட்டில் பின்சீட்டுக்கு அடியில் உருண்டு கிடந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவள் கால்மிதியிலும் இரண்டு குழிகள். சின்னதாக, ஷூ முனை அளவுக்கு.

கைதட்டிக்கொண்டே மிதித்திருக்கிறாள். அப்பா முகம் வாடக் கூடாதென்று சிரித்துக்கொண்டே மிதித்திருக்கிறாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒருமுறைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கால்மிதியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். அதிகாரி பேனாவை நீட்டினார்.

"அத எதுக்குத் தூக்கிட்டு வர்றே?" என்றார் கணவர். "சீக்கிரம் போட்டுக் குடு. பாப்பாவ நம்ம கார்லயே போய்க் கூட்டிட்டு வந்துடலாம்."

நான் பேனாவை வாங்கவில்லை. கால்மிதியை மேசைமேல் விரித்தேன்.

"இது என்னோடது இல்லைங்க. பாப்பாவோடது."

அவர் முதலில் சிரித்தார். பிறகு குனிந்து பார்த்தார். ஒரு குழியில் கட்டைவிரலை வைத்தார். வைத்த விரலை எடுக்காமலே நின்றார். அதிகாரியின் பேனா எங்கள் இருவருக்கும் நடுவே நீட்டியபடியே இருந்தது.