இலைமேல் கை

கீரனூரில் பஸ் ஏறியதும் பிரகதீஸ்வரி காதுக் கருவியைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். டிரைவர் ஏர்ஹாரன் அடிப்பதற்குள் கழற்றிவிட வேண்டும்.

ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. மகள் கலைமதி அதற்குப் பின் பிறந்தவள். இந்த வருடம் ஆபரேஷன் செய்து உட்காதில் மின்முனைகளை வைத்தார்கள். வெளியே இந்தக் கருவி. சத்தம் வந்தது. அறைவது போல வந்தது. கடுகு வெடித்தால் தலை அதிர்ந்தது. கலைமதி "அம்மா" என்றால் முகம் தானாகச் சுளித்தது. குழந்தை அதைக் கவனித்துவிட்டாள். இப்போது வாயை மட்டும் அசைக்கிறாள்.

அந்தக் குரல் வேண்டும். அதற்காகத்தான் திருச்சிக்குப் போகிறாள்.

கிளினிக்கில் சந்தோஷ்குமார் கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைத்தார். சத்தத்தின் அளவைத் திருத்துபவர் அவர்தான். ஒவ்வொரு மின்முனைக்கும் ஒரு பீப் ஒலி. மெல்ல ஏற்றிக்கொண்டே போவார். இதமாக இருக்கும்போது அவள் கையைத் தூக்க வேண்டும். போன தடவையும் இப்படித்தான்.

பீப் ஏறியது. கை எழவில்லை. மேலும் ஏறியது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகுதான் கை எழுந்தது.

சந்தோஷ்குமார் நிறுத்தினார். உதடு தெரியும்படி மெதுவாகப் பேசினார்.

"அக்கா, வலிச்சுதா?"

"கொஞ்சம்."

"அதுக்கு முன்னாடியே கேட்டுச்சா?"

"நல்லாவே கேட்டுச்சு."

"பின்ன ஏன் கை தூக்கலை?"

அவள் தயங்கினாள். "பாவம், நீங்க பாத்துப் பாத்து வைக்கிறீங்க. எடுத்த எடுப்புல போதும்னா நல்லாவா இருக்கும்?"

அவருக்கு விளங்கவில்லை. கூட வந்திருந்த அவள் கணவன் நாகராசு சிரித்தான்.

"பந்தியிலயும் இதே கதைதான் சார். ஒடனே இலைய மறிச்சா பரிமாறுறவுங்க மனசு கோணுமாம். வயிறு முட்ட வாங்கிட்டுத்தான் கைய வைக்கும். வீட்டுக்கு வந்து சோடா கேக்கும்."

உதட்டைப் படித்துவிட்டாள். "ஒங்கள யாரு கேட்டா?"

சந்தோஷ்குமார் சற்று யோசித்தார். கீபோர்டை அவள் பக்கம் தள்ளினார்.

"இன்னைக்கு நீங்களே போட்டுக்கங்க. இது ஏத்தும். இது எறக்கும்."

அவள் அழுத்தினாள். நிறுத்தினாள். ஒன்று இறக்கினாள், உப்புப் பார்ப்பது போல. அடுத்த மின்முனை. அதற்கு அடுத்தது.

"இது ஏன் மாட்டு மணி மாதிரி இருக்கு?"

"போகப் போக மெலிசாகும். பாருங்க."

மெலிந்தது. கடைசி ஒலி கொசுவைப் போல இருந்தது. இன்னொரு முறை அழுத்திக் கேட்டாள்.

நாகராசு திரையை எட்டிப் பார்த்தான். "பழசுல பாதிகூட வைக்கலையே புள்ள?"

"வயிறு நெறஞ்சிருச்சு."

திரும்பும் பஸ்ஸில் ஹாரன் அடித்தது. கை காதுக்குப் போனது. பாதியில் நின்றது. மடிக்கு இறங்கியது.

மாலை எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டாள். ஒன்று வெடித்தது. சின்னதாக, உருண்டையாக. இன்னொன்று. குனிந்து கேட்டாள்.

வாசலில் கலைமதி வாயை அசைத்தாள்.

"சத்தமாச் சொல்லு."

குழந்தை அவள் முகத்தையே பார்த்தாள்.

"அம்மா."

முகம் சுளிக்கவில்லை. கலைமதி அடுப்படிக்குள் வந்தாள்.

"அம்மா, கடுகு கருகுது."

"கருகட்டும். இன்னொரு தடவ சொல்லு."