பன்னிரண்டு ராத்தலும் பத்தொன்பது ராத்தலும்

கழுகுப்பாறைத் தேயிலைத் தோட்டத்து ஹார்கிரீவ்ஸ் துரைக்கு மோட்டார் காற்றாய்ப் பறக்க வேண்டும். ஆனால் டயர் மட்டும் தேயக் கூடாது. இந்த இரண்டு ஆசைக்கும் நடுவில் அகப்பட்டவன் அவருடைய டிரைவர் தாஸிம்.

ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம் அது. ஆறு சிலிண்டர் வைத்த அந்த மாதிரி வண்டி இலங்கை மலைநாட்டில் அப்புத்தளைப் பக்கம் வேறு யாரிடமும் இல்லை. பெரகல மலைப்பாதை வளைவுகளில் அதை விரட்டுவதென்றால் தாஸிமுக்கும் உள்ளூர ஆசைதான். பதுளையில் பிறந்து, லொறி ஓட்டிக் கை பழகிய முப்பத்திரண்டு வயதுக்காரன் அவன். வண்டியோடு கூட வந்த டயர்கள் மெத்தென்றவை. கொட்டுகிற மழையிலும் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். ஆனால் நாலே மாதத்தில் மொட்டையாகிவிட்டன. துரை கொதித்துப்போனார். மறுநாளே தாஸிமையும் கூட்டிக்கொண்டு பதுளையில் கதிர்காமநாதன் செட்டியாரின் மோட்டார் சாமான் கடைக்குப் போனார்.

செட்டியார் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். "இது கல்லு மாதிரிங்க துரை. ஒன்றரை வருஷத்துக்கு அசையாது."

தாஸிம் அதைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தான். தடமே விழவில்லை. வெளியே நின்ற வண்டியின் பின்னால் கட்டியிருந்த ஸ்பேர் டயர் பழைய ஜாதிதான், அதிகம் ஓடாதது. அதில் அழுத்தினான். நகம் பிறை போலப் பதிந்தது.

"துரை, நகம் எறங்காத ரப்பர் ரோட்டையும் புடிக்காது" என்றான். "வெயில் காலத்துக்கு இது சரி. ஐப்பசி மழையில பெரகல எறக்கத்துல நிக்க ஏலாது. நம்ம வண்டிக்கு பிரேக் இருக்கிறது பின் சில்லு ரெண்டுலதான். பின்னுக்கு மட்டும் மெத்தென்டது போடுவோம். முன்னுக்கு இந்தக் கல்லு இருக்கட்டும். தேய்மானமும் பாதியாயிடும்."

துரை தோட்டத்துத் தமிழில் கத்தினார். "நீ டயர் வாங்குற ஆளா, வண்டி ஓட்டுற ஆளா? நாலும் இதான்!"

செட்டியார் ஒன்றும் கேட்காதவர் போலக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

வெயில் இருந்தவரை வம்பில்லை. ஐப்பசி பிறந்ததும், அப்புத்தளையிலிருந்து ஹல்துமுல்லைக்கு அரை மணிக்குள் இறங்கிக் காட்டுவதாகப் பக்கத்துத் தோட்டத்துத் துரையிடம் இவர் பந்தயம் கட்டினார். அன்றைக்குக் காலையிலிருந்தே தூறல். மேட்டிலிருந்து செம்மண் கரைந்து ரோட்டில் வழிந்துகொண்டிருந்தது.

"இன்னும் வேகம்!" என்று துரை பக்கத்திலிருந்து கதவைத் தட்டினார்.

தாஸிம் வேகத்தைக் கூட்டினான். அதுதான் அவன் செய்த பிழை. பிற்பாடு யார் கேட்டபோதும் அதை அவன் ஒளிக்கவில்லை. நாலாவது வளைவில் எதிரே ஒரு மாட்டுவண்டி ஏறி வந்தது. பிரேக்கை மிதித்தான். பின்சில்லுகள் சுற்றாமல் நின்றன. வண்டி மட்டும் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. இடது பக்கம் அதலபாதாளம். தாஸிம் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்து, மாட்டுவண்டிக்கு முன்னாலேயே மலைப்பக்கத்துக் கல்வாய்க்காலில் கொண்டுபோய் மோதினான். மாட்டுவண்டிக்காரன் தப்பினான். தாஸிமுக்கு நெற்றி பிளந்தது. துரைக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பின்டயர் ஒன்று கல்லில் கிழிந்து நாராகத் தொங்கியது.

நாலாம் நாள் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஒரு காகிதத்தோடு தொழிலாளர் லயத்துக் கோடியிலிருந்த டிரைவர் வீட்டுக்கு வந்தார். டிரைவரின் கவலையீனத்தாலும் முரட்டுத்தனத்தாலும் மட்டுமே விபத்து நடந்ததாக அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் லைசன்ஸ் மட்டும்தான் போகும், போடாவிட்டால் மறியல், ஜெயில்தான் என்றார் கிளாக்கர்.

தாஸிம் மனைவியின் முகத்தைப் பார்த்தான். மர்லியா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "கையெழுத்து வச்சாலும் பட்டினி, வைக்காட்டியும் பட்டினி. பிறகு என்னத்துக்கு வைக்கிற? வைக்காமலே பட்டினி கிடப்போம்."

தாஸிம் பேனாவை வாங்கிக் காகிதத்தின் அடியில் கொட்டை எழுத்துத் தமிழில் எழுதினான்: 'வேகமாக ஓட்டினேன். துரை சொல்லி ஓட்டினேன். இந்த டயர் மழைக்கு நிற்காது என்று வாங்கும்போதே சொன்னேன்.' கீழே பெயரையும் போட்டுக் கொடுத்தான். கிளாக்கர் அதை மடித்தெடுத்துக்கொண்டு போனார்.

விசாரணைக்கு வந்த பொலிஸ் இன்ஸ்பெக்டர், லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, அவன் எழுதியதற்குச் சாட்சி உண்டா என்று கேட்டார். செட்டியாரிடம் ஆள் போனது. தோட்டத்து வியாபாரத்தை நம்பிப் பிழைக்கிற மனுஷர்; தமக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்.

"சாட்சி இல்லையே அப்பா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருக்கு ஐயா. ரெண்டு டயரும் வண்டியிலயே இருக்கு. அதுகளையே கேப்போம்."

அவன் கேட்டது இதுதான்: கிழிந்த டயரிலிருந்து ஒரு முழத் துண்டு, ஸ்பேர் டயரிலிருந்து அதே அளவில் ஒரு துண்டு. ஸ்பேர் துரையின் சொத்தாயிற்றே என்று இன்ஸ்பெக்டர் தயங்கினார். "என் லைசன்ஸ் என் சொத்து. அத வெட்டப்போறப்ப யாரும் தயங்கல்லையே?" என்றான் தாஸிம். இன்ஸ்பெக்டர் வெட்டச் சொன்னார்.

மறுநாள் பகலில் அதே வளைவில் எல்லோரும் கூடினார்கள். பக்கத்துத் துரையின் காரில் ஹார்கிரீவ்ஸ் துரையும் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். தாஸிம் இரண்டு துண்டையும் இரண்டு பலகையின் அடியில் ஆணியடித்துக் கொண்டுவந்திருந்தான். மேலே வைக்க இருபத்தெட்டு ராத்தல் படிக்கல் ஒன்று. இழுத்துப் பார்க்க ஒரு தராசு வேண்டும். ரோட்டுக்கு மேலே கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வில்தராசைக் கேட்டான். அங்கே மேற்பார்வைக்கு நின்ற கங்காணி, துரையைப் பார்த்ததும் கூடைகளை எண்ணத் தொடங்கினார்.

கொழுந்துக்காரி வள்ளியம்மைதான் தராசைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். "ஐயா, ஒண்ணு சொல்லிப்புடுறேன். இந்தத் தராசு எப்பவும் ரெண்டு ராத்தல் கொறச்சுப் பொய் சொல்லுங்க. எங்க கொழுந்த நிறுத்து நிறுத்து அதுக்குப் பழகிப்போச்சு" என்றாள்.

சிரிப்பை அடக்க முடியாமல் இன்ஸ்பெக்டர் திரும்பிக்கொண்டார்.

"பரவாயில்ல தங்கச்சி" என்றான் தாஸிம். "ரெண்டு டயருக்கும் ஒரே பொய்தானே சொல்லும்."

ரோட்டில் தண்ணீர் ஊற்றினார்கள். முதலில் கல் டயர். படிக்கல்லை ஏற்றி, பலகையின் கொக்கியில் தராசை மாட்டி மெல்ல இழுத்தான். முள் பன்னிரண்டைத் தொட்டதும் பலகை சர்ரென்று வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்தது மெத்தென்ற டயர். முள் பன்னிரண்டைத் தாண்டியது, பதினைந்தைத் தாண்டியது, பலகை அசையவில்லை. பத்தொன்பதில்தான் இடம் பெயர்ந்தது. இன்ஸ்பெக்டர் நம்பாமல் கோட்டைக் கழற்றிவிட்டுத் தானே இழுத்துப் பார்த்தார். மூன்று தடவை இழுத்தும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான்.

"பத்தொன்பது நாலு மாசத்துல செத்துப்போயிடும், ஐயா. அதையும் எழுதிக்கோங்க" என்றான் தாஸிம். "பன்னிரண்டு ஒன்றரை வருஷம் இருக்கும். எது வேணுமென்டு முடிவெடுக்கிறது துரை. ஆனா பன்னிரண்ட வாங்கிக் குடுத்திட்டு, பத்தொன்பது மாதிரி ஏன் நிக்கல்லையென்டு என்னைக் கேக்க ஏலாது."

மேலே கொழுந்துக்காரிகள் கூடையை இறக்காமலே வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் துரை ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி உரக்கச் சிரித்தார். ஹார்கிரீவ்ஸ் துரையின் முகம் கழுத்துவரை சிவந்துபோனது.

அதிவேகத்துக்கு ஓர் எச்சரிக்கை மட்டும் எழுதிவிட்டு, வழக்கில்லை என்று இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மூடினார். லைசன்ஸ் தாஸிமின் கைக்குத் திரும்பி வந்தது.

காரில் ஏறப்போன ஹார்கிரீவ்ஸ் துரை நின்றார். தாஸிமைப் போலக் கைதேர்ந்தவன் இன்னொருவன் கிடைக்க மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். "திங்கக்கெழம வேலைக்கு வா" என்றார். "ஆனா அந்த டயர் நான் மாத்தமாட்டேன். தேயிற வரைக்கும் ஓடும்."

தாஸிமுக்கு லயத்து வீடு, மாதச் சம்பளம், மர்லியா எல்லாம் ஒரு கணம் நினைவுக்கு வந்தது. தலையிலிருந்த டிரைவர் தொப்பியைக் கழற்றிக் காரின் மட்கார்ட் மேல் வைத்தான்.

"அப்ப அது தேயட்டும் துரை" என்றான். "தேஞ்சு முடிஞ்ச பொறகு ஆள் அனுப்புங்க. அப்ப வாறதா இல்லையான்னு யோசிக்கிறேன்."

அந்த வாரமே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மர்லியா பாயைச் சுருட்டி, சட்டி பானைகளைச் சாக்கில் கட்டினாள். போகிற வழியில் கொழுந்துக்காரிகள் இரண்டு பேர் சாக்கை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு அப்புத்தளை ஸ்டேஷன்வரை வந்தார்கள். கங்காணி பார்த்தும் பாராதது போல நின்றார்.

பண்டாரவளையில் இப்றாஹீம் முதலாளி வாடகைக் கார் ஒன்று வாங்கி, ஆள் தேடிக்கொண்டிருந்தார். ரோட்டில் நடந்த கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"டயர் யார் சொல்ற மாதிரி போடுறது?" என்று அவர் முதலிலேயே கேட்டார்.

"நான் சொல்ற மாதிரி."

"எத்தனை மாசம் வரும்?"

"மழைக்காலத்துல பின் சில்லுக்கு மெத்தென்டது, முன் சில்லுக்குக் கட்டியானது. பனிக்காலம் முடிஞ்சா நாலும் கட்டி. இப்படி மாத்தி மாத்திப் பாவிச்சா ஒரு வருஷம் இழுக்கலாம். அதுக்கு மேல கேட்டா வேற ஆளைப் பாருங்க, முதலாளி."

இப்றாஹீம் தாடியைத் தடவிக்கொண்டு வெளியே பார்த்தார். மழை வலுத்துக்கொண்டிருந்தது. ஸ்டேஷனில் கொழும்பு ரயில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"சரி, போய் ஆளுகளை ஏத்து" என்றார்.