கேஸ் மாத்திரை

டாக்டர் அன்புமொழி திருக்கோகர்ணத்தில் நரம்பியல் கிளினிக் வைத்திருந்தாள். பக்கவாதம், வலிப்பு என்றால் தயங்க மாட்டாள். நடுக்கம், உடல் இறுக்கம் என்று வருகிறவர்களிடம்தான் அவளுக்கு ஏதோ ஒரு சந்தேகம் மிஞ்சும். அதனால்தான் அசைவுக் கோளாறுகளைப் பற்றி நரம்பியல் டாக்டர்களுக்கு ஆன்லைனில் நடந்த ஆறு மாதப் பயிற்சியில் சேர்ந்தாள். ஞாயிறுதோறும் காலையில் வகுப்பு.

மூன்றாவது வாரம், பாடம் நடத்திய டாக்டர் பிரகதீஸ்வரி ஒரு வீடியோ போட்டார். ஒரு பெண் கையை வீசாமல் சின்னச் சின்ன அடியாக நடந்தார். இரண்டு கைகளும் ஒரே மாதிரி நடுங்கின. என்ன நோய் என்று கேட்டதும் பலரும் பார்க்கின்சன் என்று எழுதினார்கள். அன்புமொழியும் அதையே எழுதினாள்.

"இல்லை, வயிற்றுக்குச் சாப்பிட்ட மாத்திரை செய்த வேலை. நிறுத்தியதும் சரியாகிவிட்டது. வேறு மருந்து உண்டா என்று வாயால் மட்டும் கேட்காதீர்கள். வீட்டில் இருப்பதையெல்லாம் எடுத்துவரச் சொல்லுங்கள்," என்றார் பிரகதீஸ்வரி.

அன்புமொழிக்கு அதற்குப் பிறகு பாடம் காதில் ஏறவில்லை. கறம்பக்குடிப் பக்கம் மினி பஸ் ஓட்டிய ஆண்டியப்பனுக்கும் இரண்டு கையும் ஒன்றாகத்தான் நடுங்கின. பார்க்கின்சன் என்று சொல்லி, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.

மறுநாளே, வீட்டில் இருக்கும் மாத்திரைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு வரும்படி அவரை வரவழைத்தாள். ஆண்டியப்பனின் மனைவி காத்தாயி ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மேசையில் கவிழ்த்தாள். அன்புமொழி எழுதிய மாத்திரைகளுக்கு நடுவே வேறொரு அட்டை கிடந்தது.

"இது என்னங்க?"

"கேஸ் மாத்திரைங்க. மெடிக்கல்ல வாங்கி ரெண்டு வருசமா போட்டுக்கிட்டிருக்கேன்," என்றார் ஆண்டியப்பன்.

"வேற மாத்திரை இல்லைன்னு சொன்னீங்களே?"

"நோவுக்குப் போடுறதத்தானே கேட்டீங்க. இது சும்மா கேஸுக்குங்க."

அட்டையின் பின்பக்கம் வகுப்பில் கேட்ட அதே மருந்தின் பெயர் இருந்தது.

"ஒங்களுக்குப் பார்க்கின்சன் இருக்காதுன்னு தோணுது. இந்த மாத்திரையாலதான் நடுக்கம். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். இத இன்னையோட நிறுத்திருங்க. நான் எழுதினதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம்."

காத்தாயியின் குரல் உயர்ந்தது. "அப்ப இவுக வேலை போனது போனதுதானா? இனிமே இவரால முடியாதுன்னு ஊர்ல அத்தனை பேருகிட்டயும் நானே சொன்னேனே டாக்டரம்மா!"

ஆண்டியப்பன் மனைவியின் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"மறுபடி வண்டி ஓட்டலாமாங்க?"

"இப்பவே சொல்ல மாட்டேன். நாலு மாசம் பாத்துட்டுச் சொல்றேன்."

நான்காம் மாதம் நடுக்கம் நின்றிருந்தது. ஆண்டியப்பன் சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொண்டார். வண்டி ஓட்டலாம் என்று அன்புமொழி எழுதிக் கொடுத்தாள். பஸ் முதலாளி வேறு டிரைவரை வைத்துவிட்டதால், அந்த ஆள் லீவு போடுகிற நாட்களில் மட்டும் ஆண்டியப்பன் ஓட்டினார்.

பயிற்சியின் கடைசி வகுப்பில் ஆளுக்கொரு நோயாளியைப் பற்றிப் பேச வேண்டும். அன்புமொழி ஆண்டியப்பனிடம் அனுமதி வாங்கி நடுக்கம் இருந்தபோதும் நின்ற பிறகும் எடுத்த அவருடைய இரண்டு வீடியோக்களைக் காட்டினாள். முதலில் ஏன் பிடிபடவில்லை என்று யாரோ கேட்டார்கள்.

"நோய்க்குப் பெயர் கிடைத்ததும் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்," என்றாள்.