நாமம் போட்ட எஞ்சின்

எதிர்வீட்டு வரதராஜன் தன் பட்டுப் பாவிலிருந்து ஒரு முழம் வெட்டி எடுத்துவந்து, தணிகாசலத்தின் மோட்டார் சைக்கிள் ஹாண்டில்பாரில் தொங்கவிட்டார். மாம்பழ மஞ்சள் பட்டு. அதில் மூன்று கறுப்புப் பொட்டு.

"பாத்துக்கபா. உன் வண்டி வெச்ச பொட்டு."

தணிகாசலம் தறியிலிருந்து எழுந்து வந்தான். அவன் மனைவி அலமு ராட்டையை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றாள்.

அந்தத் தெருவில், தறியில் ஏற்றும் நெடுக்கு இழைகளான பட்டுப் பாவை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்து நேராக்குவார்கள். வண்டிக்கு அடியில் சொட்டியிருந்த எண்ணெயை யாரோ மிதித்திருக்கிறார்கள். காலைத் துடைத்த கையோடு பாவையும் தொட்டிருக்கிறார்கள். பட்டில் எண்ணெய் ஏறினால் ஏறியதுதான்.

"வெள்ளிக்கிழமை மறுபடி பாவு நீட்டுறோம். அதுக்குள்ள ஒழுவுறது நிக்கணும். இல்லன்னா வண்டி தெருவுல நிக்கக் கூடாது. நான் மட்டும் சொல்லல, தெருவே சொல்லுது" என்றார் வரதராஜன்.

தெருவை விட்டால் வண்டிக்கு இடம் கிடையாது. வீட்டுக்குள் தறி இருந்தது. தறி போக மிச்ச இடத்தில்தான் இவர்களே இருந்தார்கள். ஆகவே ஒழுகுவது நிற்காவிட்டால் விற்க வேண்டியதுதான். வாலாஜாபாத் நெல் மில்காரர் ஒருவர் ஏற்கெனவே இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார்.

வண்டி போனால் தணிகாசலம் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான், அவ்வளவுதான். அலமுவின் கணக்கு வேறு. அமாவாசையன்று நெசவுக்காரர்கள் தறியில் உட்காரமாட்டார்கள். மாதத்தில் அந்த ஒரு நாள் அவள் பின்சீட்டில் ஏறித் தென்னேரியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்வருவாள். பஸ் என்றால் வாலாஜாபாத்தில் இறங்கி மாற வேண்டும்; பாதி நாள் நிற்பதிலேயே போய்விடும். வண்டியில் போனால் ஏரிக்கரைக் காற்று முகத்தில் அறையும். மற்ற நாளெல்லாம் ராட்டைதான். வருகிற சனிக்கிழமை அமாவாசை.

புதன்கிழமை காலை, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பட்டறை வைத்திருந்த தனசேகரன் திருகுசாவிப் பையோடு வந்தான். இது மூன்றாவது தடவை. வண்டி பெரிய யுத்தத்தில் ஓடியது. சண்டை முடிந்ததும் ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் ஓடியாகிவிட்டது. போன தடவைகளில் தனசேகரன் எண்ணெய் வடிக்கும் மரைக்கு வாஷர் மாற்றினான், குழாய்களை இறுக்கினான், கிக்கர் பக்கத்தைக் கழற்றி மாட்டினான். எண்ணெய் அதன் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாப் பக்கமும் பாத்துட்டேன்ணா. வலப்பக்க மூடி ஒண்ணுதான் பாக்கி. அதைத் தொறந்துடலாமா?"

"அதைத் தொடாத. அது என் கையால போட்டது" என்றான் தணிகாசலம்.

"இன்னா போட்ட?"

"பேக்கிங். உன் அட்டை பேக்கிங்கெல்லாம் அதுக்கிட்ட நிக்காது. உன் பட்டறைக்கே அந்தச் சரக்கு வராது."

"அப்போ எண்ணெய் ஆகாசத்துலேர்ந்து ஊத்துதா?"

"அதைக் கண்டுபுடிக்கத்தான உன்னக் கூப்ட்டேன்!"

தனசேகரன் சாவியைக் கீழே போட்டான். எஞ்சின் முழுக்க எண்ணெய்க் கறுப்பு. எங்கே ஆரம்பிக்கிறது என்று எப்படித் தெரியும்? மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவிவிட்டு, வெள்ளையாக எதையாவது பூசினால் எண்ணெய் புறப்படுகிற இடம் காட்டிக்கொடுத்துவிடும் என்றான். "அரிசி மாவு இருந்தா குடுங்க அண்ணி."

"சோத்துக்கு வெச்சிருக்கிறத எஞ்சினுக்குக் குடுக்கறதா?" என்றாள் அலமு. தெருவில் இறங்கி, வரதராஜன் வீட்டுக்குப் போய், அவர் மனைவி அன்னம்மாளிடம் இரண்டு நாமக்கட்டி கேட்டு வாங்கிவந்தாள். எதற்கு என்று அன்னம்மாள் கேட்கவில்லை. அலமுவும் சொல்லவில்லை.

நாமக்கட்டியைத் தண்ணீரில் குழைத்து எஞ்சினுக்குப் பூசினார்கள். வெயிலில் அரைமணியில் காய்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வரதராஜன் வந்தார். நெற்றியில் அவர் நாமம், எதிரே எஞ்சின் நாமம். இரண்டும் ஒரே வெள்ளை.

"அடப்பாவிங்களா, நம்ம வூட்டுக் கட்டியா இது?"

"ஆமாம் பெரிப்பா. பெருமாள் பாத்துக்குவாருன்னுதான்" என்றாள் அலமு.

"தென்கலையா, வடகலையா?"

"இன்னும் தெரியல. எண்ணெய் எந்தப் பக்கம் எறங்குதோ, அதப் பாத்துதான் சொல்லணும்" என்றான் தனசேகரன்.

வரதராஜனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் போகும்போது "வெள்ளிக்கிழமை" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

வண்டியை உதைத்துக் கால் மணி நேரம் ஓடவிட்டார்கள். தெரு அதிர்ந்தது. வெள்ளையில் ஒரு கோடுகூட விழவில்லை. தணிகாசலம் நிறுத்தினான். "நின்னுடுச்சுடா! மண்ணெண்ணெயில கழுவினதே போதும்போல." இருவரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள்.

அலமு நம்பவில்லை. மூவாயிரம் இழைக்குள் அறுந்த ஒன்றைத் தேடிப் பிடிக்கிற கண் அவளுடையது. அதற்கு ஒரு வழி உண்டு: நேராகப் பார்க்கக் கூடாது, தலையைச் சாய்த்து, வெளிச்சத்துக்குக் குறுக்கே பார்க்க வேண்டும். மண்ணில் கன்னம் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வலப்பக்க மூடிக்கு அடியில், இரண்டு தகடும் சேரும் இடத்தில், மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று கிளம்பியது. அது மெதுவாக நீண்டது. நுனியில் ஒரு சொட்டு திரண்டது, விழுந்தது.

விரலால் தொட்டாள். கோடு வளைந்துகொடுத்தது. அது இரும்பில்லை, நூல்.

அவளுடைய நூல்தான். ஐப்பசி மழையில் தறி ஓடாமல் கிடந்தபோது தணிகாசலம் அந்த மூடியைக் கழற்றினான். இடுக்கை அடைக்கும் பேக்கிங் கிடைக்கவில்லை. பட்டு நூலைவிட உறுதி எதற்கு இருக்கிறது என்று சொல்லி, நாலு இழையை முறுக்கித் தரச் சொன்னான். அவள் முறுக்கி, அரக்கு தடவிய விளிம்பில் சுற்றி வைத்து, கடைசியில் முடிச்சும் போட்டாள். தறியில் ஒட்ட நறுக்கிய முடிச்சு நிற்காது, அவிழ்ந்துவிடும். வால் விடுவதுதான் வழக்கம். கை தன்னால் இரண்டு விரற்கடை வால் விட்டது. ஒரு நுனி உள்ளே எண்ணெயில், மறு நுனி வெளியே காற்றில். விளக்குத் திரி வேறு எப்படி இருக்கும்? வண்டி நின்ற பிறகும் திரி மெல்லத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

வாலை மட்டும் கிள்ளிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தாள். பிரயோஜனமில்லை. விளிம்பைத் தாண்டிக் கிடக்கும் நூல் அப்படியேதான் இருக்கும். ஒரு நாள் விட்டு மறுநாள் சொட்டும். டீ குடித்துவிட்டு வந்தவர்களிடம் சொன்னாள்.

தனசேகரன் தலையில் கை வைத்துக்கொண்டான். "மூணு தபா இந்த எஞ்சினைப் பிரிச்சுப் போட்டேனே! எஞ்சினுக்கு எவனாவது முந்தானை முடிச்சுப் போடுவானா?"

"எவனும் போடல, நான்தான் போட்டேன்" என்றாள் அலமு.

பழி தன் மேல் திரும்புவதற்கு முன்பே தணிகாசலம், "நான் இறுக்கி முடின்னுதான் சொன்னேன். வாலு வுடச் சொன்னனா?" என்றான்.

"ஒட்டக் கிள்ளச் சொன்னியா?"

வியாழக்கிழமை காலை மூடியைக் கழற்றி, பழைய அரக்கைச் சுரண்டினார்கள். பட்டு நூலைக் கைவிடத் தணிகாசலத்துக்கு மனமில்லை. சரி, பட்டே இருக்கட்டும், ஆனால் முடிச்சு கூடாது, இரண்டு நுனியும் விளிம்புக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்று படுக்க வேண்டும் என்றான் தனசேகரன். அலமு நூலைச் சுற்றி வைத்தாள். நுனிகள் சேர்ந்ததும் அவள் விரல்கள் முடிச்சுக்குப் போயின.

"அண்ணி, கை."

எடுத்தாள். மறுபடியும் போயின.

"அண்ணி!"

மூன்றாம் தடவை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "மூடித் தொலைங்க" என்றாள்.

மத்தியானம் வரதராஜன் வந்து, தோளிலிருந்த சலவைத் துண்டை எஞ்சினுக்கு அடியில் விரித்தார். வெள்ளி விடியற்காலை பாவு நீட்டுவதற்கு முன் முதல் ஆளாக வந்து அதை எடுத்தார். கிழக்கே பிடித்துப் பார்த்தார். புரட்டினார். மோந்தும் பார்த்தார். ஒன்றுமில்லை. உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இங்கியே நிக்கட்டும்" என்றார். வண்டிக்கு இரண்டடி தள்ளிப் பாவை நீட்டினார்கள்.

சனிக்கிழமை காலை அலமு தலைக்குப் பூ வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். தணிகாசலம் உதைக்கக் காலைத் தூக்கினான். வரதராஜன் துண்டை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"தென்னேரிக்கா? வழியிலதான வாலாஜாபாத். எனக்கு அங்க ஒரு சோலி இருக்குதுபா, நான் ஏறிக்கறேன். அலமு நாளைக்குப் போயிக்கட்டுமே."

தணிகாசலம் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

"எட்டு மணிக்கு பஸ்ஸு இருக்குது பெரிப்பா" என்று சொல்லிவிட்டு, அலமு அவன் முதுகில் ஒரு குத்து விட்டாள். வண்டி கிளம்பியது.