கட்டுகஸ்தோட்டைப் பொம்மைகளுக்கு அம்மை கண்டது

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கட்டுகஸ்தோட்டையிலுள்ள ஒரு பொம்மைத் தொழிற்சாலையின் களஞ்சியத்தில், பெட்டிகளுக்குள் கிடந்த இருநூற்றுப் பன்னிரண்டு பொம்மைகளுக்கு அம்மை கண்டது. நெற்றியில் மூன்று, கழுத்தில் ஐந்து, வலது தோளில் ஒன்று என்று எல்லாவற்றுக்கும் ஒரே இடங்களில் நீர் கோத்திருந்தது. முதலாளி கிருஷ்ணராஜ் இதை ரப்பரின் குறை என்று எண்ணி, ரப்பர் அனுப்பியவரோடு அரை மணித்தியாலம் தொலைபேசியில் சண்டை பிடித்தார். பொம்மைகளுக்கு ஊசியால் தலைமுடி நடும் ரிப்கா அன்று வேலைக்கு வரவில்லை. வத்தேகமையில் அவளுடைய ஐந்து வயது மகள் சப்னா, அதே இடங்களில் அதே எண்ணிக்கைக் கொப்புளங்களோடு வேப்பிலை மேல் படுத்திருந்தாள்.

ரிப்கா வத்தேகமைப் புடவைக்கடைக்காரர் ஒருவரின் மகள். கணவன் துஷாந்த் பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்து நகரசபையில் எழுதுநரானவன். பதிவுத் திருமணத்துக்குப் பிறகு மூன்று வருடம் எட்டிப் பார்க்காத இரண்டு குடும்பமும், சப்னா பிறந்ததும் வந்து, அவளுடைய முகத்தில் தத்தம் வீட்டு மூக்கைத் தேடின. அவள் ஒருத்தியை உம்மா என்றும் ஒருவனை அப்பா என்றும் கூப்பிட்டு வளர்ந்தாள். அதில் அவளுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. நிஜக் குழந்தை போலவே பொம்மை செய்யும் கிருஷ்ணராஜிடம் இனத்துக்கு ஒரு பொம்மை இருந்தது. எல்லாம் கலந்த ஒன்று வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து கேட்டபோது, ஊழியர் ஒன்றுகூடலில் அவர் பிடித்து வைத்திருந்த சப்னாவின் படங்கள் நினைவுக்கு வந்தன. அவற்றைப் பார்த்து வார்த்த தலைகள் மட்டும் ரிப்காவின் மேசைக்கு வராமல் பார்த்துக்கொண்டார்.

மகளுக்கு அம்மை இறங்கி ரிப்கா வேலைக்குத் திரும்பிய நாளில், பொம்மைகளின் கொப்புளங்களைத் தேய்த்து நிறம் பூசும் வேலைக்கு எல்லோரையும் இருத்தினார்கள். ரிப்கா பெட்டியைத் திறந்தாள். உள்ளே மகள் கிடந்தாள். தோல் இரண்டு படி வெளுத்திருந்தது. கண்கள் பச்சை. நெற்றியில் பொட்டு, தலையில் முக்காடு. அந்தப் பிள்ளை ஒருநாளும் இரண்டையும் சேர்த்து அணிந்ததில்லை. இடது புருவத்தின் கீழ், சப்னா விழுந்ததில் வந்த தழும்பை மட்டும், நிஜமாகத் தெரிய வேண்டுமென்று அப்படியே விட்டிருந்தார்கள். பெட்டியில் ‘இலங்கைக் கலப்பினக் குழந்தை’ என்று அச்சடித்திருந்தது. அவள் பொம்மையைக் கையில் பிடித்தபடி முதலாளியின் அறைக்குப் போனாள்.

“சேர், இது எங்கட புள்ளட மொகம். ஒரு வார்த்த கேட்டீங்களா?”

கிருஷ்ணராஜ் கோபப்படவில்லை. அவளை உட்காரச் சொன்னார். “இது ஒருத்தரோட முகம் இல்லம்மா. எல்லா இனத்தையும் கலந்து எடுத்தது. அப்படிக் கலந்ததுக்குத் தனியா சொந்தக்காரங்க எப்படி இருப்பாங்க?”

“கலந்து எடுத்தது இல்ல சேர். நான் பெத்தெடுத்தது.”

பொம்மையையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, அன்றோடு அவள் வேலையை விட்டாள். பெட்டியைக் கண்ட துஷாந்த் அதிலிருந்த எழுத்தை வாசித்துவிட்டு, “எங்க தோட்டத்துல மாட்டுக்குத்தான் கலப்பினம்னு எழுதுவாங்க” என்றான். அவன் அதிகாரிகளுக்கு எழுதிய மூன்று முறைப்பாடுகளும் திரும்பி வந்தன. மூன்றிலும் பிள்ளையின் இனம் என்ற கட்டத்தில் ஒன்றை மட்டும் எழுதும்படி கேட்டிருந்தார்கள்.

மே மாதம் முன்பள்ளி விளையாட்டுப் போட்டியில் சப்னா நாள் முழுக்க வெயிலில் ஓடினாள். மறுநாள் களஞ்சியத்தில் பொம்மைகளின் வெளிர்நிறம் பாலாடைபோல உரிந்து, அவளுடைய நிறம் வந்தது. பூசப் பூச உரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணராஜ் கேக் பெட்டியும் சம்மதப் பத்திரமுமாக வத்தேகமைக்கு வந்தார். கையொப்பம் கேட்டார். ஏற்றுமதி முடியும்வரை பிள்ளையை வெயிலில் விடாமலிருக்க முடியுமா என்றும் கேட்டார். ரிப்கா கைகளைக் கட்டிக்கொண்டாள். ஆறு வருடம் அந்த மனிதனுக்காக ஊசி பிடித்த கைகள். இவருக்கு முன்னால் அழக்கூடாது என்பது ஒன்றே அவளுடைய நினைப்பாக இருந்தது. துஷாந்த் பத்திரத்தை வாங்காமல் மகளைக் கூப்பிட்டு, பொம்மையைக் காட்டினான்.

“இந்த மாமா ஒன்னோட மொகத்தக் கேக்குறாரு. குடுப்பமா?”

சப்னா பொம்மையின் முக்காட்டை விலக்கி நன்றாகப் பார்த்தாள். “வேணாம் அப்பா. நான் குடுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை களஞ்சியத்தைத் திறந்தபோது பொம்மைகளுக்கு முகம் இருக்கவில்லை. கண், மூக்கு, வாய், தழும்பு ஒன்றுமில்லை. உரித்த முட்டைபோல வழுவழுப்பாக இருந்தன. ரிப்கா இதைக் கேள்விப்பட்டு, இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பள்ளிச் சீருடைக்கு அளவெடுக்கப் போனாள். இப்போது அவள் வீட்டிலேயே தைக்கிறாள்.

கிருஷ்ணராஜ் ஒரு பொம்மையையும் வீசவில்லை. பொட்டையும் முக்காட்டையும் கழற்றிவிட்டு, ‘எல்லா இனத்தவருக்கும் ஏற்றது’ என்று புதிய ஒட்டுத்தாள் அடித்து, அதே விலைக்கு அனுப்பினார். டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே எல்லாம் விற்றுத் தீர்ந்தன. கம்பளையிலும் கண்டியிலும் கடைக்காரர்களும் மேலும் செய்யச் சொல்லி வாங்கி அடுக்கினார்கள். வாங்கிப் போனவர்களில் ஒருவர்கூட முகம் எங்கே என்று கேட்கவில்லை.